அடித்தவன் சொல்ல வேண்டும்

“இடது கண்ணுல குத்தினேன்” என்றார் பெயிண்டர். “கத்தி உள்ள போயி எலும்புல முட்டி நின்னுச்சு. திருகினேன். அவன் போட்ட சத்தத்துல மதில் மேல இருந்த காக்கா எல்லாம் பறந்துடுச்சு.”

“அப்புறம்?” என்று கேட்டான் டிங்கர்.

“அப்புறம் என்ன, செத்தான்.”

“எப்படிச் செத்தான்னு சொல்லுங்கண்ணே. பாதியில விட்டா அடி செல்லாது.”

பெயிண்டர் சலித்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னார். காவல்காரன் முழங்கால் மடங்கி விழுந்தது, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியது, விரல் இடுக்கில் ரத்தம் வழிந்தது, அம்மா என்று கூப்பிட்டது. அந்த அம்மாவைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது. டிங்கர் தலையாட்டிவிட்டு, மேஜை மேல் நின்ற துருப்பிடித்த போல்ட்டை எடுத்துப் படுக்க வைத்தான். காவல்காரன் காலி.

இது நடந்தது கோட்டையில் அல்ல. அடிபட்ட கார்களுக்கு நெளிவு எடுக்கிற ஒரு தகர ஷெட்டில், ஞாயிற்றுக்கிழமை பகலில், கழற்றிப் போட்ட வேன் கதவை டயர்கள் மேல் கிடத்திச் செய்த மேஜையில். வாரம் முழுக்க அங்கே சுத்தியல் சத்தம், ஞாயிறன்று பகடைச் சத்தம். ஆளுக்கு ஒரு வேடம் உண்டு. பெயிண்டர் திருடன். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற பையனை எல்லோரும் சைரன் என்றுதான் கூப்பிடுவார்கள், அவன் வைத்தியன். வேடத்துக்கு அடையாளமாகப் பழைய ஸ்பார்க் பிளக்கில் நட்டுகளைப் பற்றவைத்து டிங்கர் செய்த பொம்மைகள் மேஜை மேல் நிற்கும். டிங்கருக்கு மட்டும் வேடம் கிடையாது. மிச்ச உலகம் மொத்தமும் அவன்தான். காடு அவன், மழை அவன், காவல்காரன் அவன், பூதமும் அவன். யாராவது “கதவைத் திறக்கிறேன்” என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று அவன் சொல்வான். ஓங்கிய கத்தி பட்டதா இல்லையா என்று பகடை சொல்லும். வளர்ந்த ஆட்கள் செய்கிற காரியமா இது என்று கேட்பவர்கள் ஒரு தடவை வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

விதிகள் எல்லாம் டிங்கரே வருஷக்கணக்கில் யோசித்து, அழித்து, திருத்தி எழுதியவை. அதில் ஒன்றுக்கு மட்டும் தள்ளுபடியே கிடையாது. அடித்தவன் சொல்ல வேண்டும். எங்கே அடித்தான், எதனால் அடித்தான், அடிபட்டவன் என்ன ஆனான் என்று தன் வாயால், எதிரே இருப்பவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மழுப்பினால் டிங்கர் “தப்பு. மறுபடி சொல்லு” என்பான். சொல்லி முடிக்கிறவரை அடி சேராது.

இந்த விதி அவனுக்குத் தொழிலிலிருந்து வந்தது. காரை நசுக்கிக்கொண்டு வருகிற எவனும் இதுவரை உண்மை சொன்னதில்லை. எல்லோருடைய காரும் சிவனே என்று ஓரமாக நின்றிருக்கும். எவனோ வந்து லேசாக உரசிவிட்டுப் போயிருப்பான். டிங்கர் பானெட்டில் கை வைத்துத் தடவுவான். தகடு மடங்கின விதத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிடும், இது உரசல் இல்லை, வேகமாகப் போய் மரத்தில் சாத்தினது என்று. ஒன்றும் பேசமாட்டான். தகட்டுக்கு அடியில் இரும்புக் கட்டையைக் கொடுத்து மேலே தட்ட ஆரம்பிப்பான். வாரமெல்லாம் கேட்ட பொய்க்கு ஞாயிற்றுக்கிழமையாவது ஒரு மாற்று வேண்டாமா?

தகட்டைத் தடவிப் பார்த்துச் சொல்லத் தெரிந்த இந்த மகாபுத்திசாலிக்குத்தான், கூடப் பிறந்த அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றபோது ஒன்றுமே தெரியவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் ஒரே ஒரு பையோடு வந்தாள். “கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்டா” என்றாள். ஷெட்டுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. ஒற்றைக்கட்டையான அவனுக்கு ஒரு அறை போதும். என்ன ஏது என்று கேட்டதற்கு “ஒண்ணுமில்ல” என்ற ஒரே பதில். அன்று சாயங்காலமே மாமா போன் செய்தார். அக்கா புருஷன் மெத்தைக்கடைக்காரர். குரலும் அவர் விற்கிற பஞ்சைப் போலவே இருக்கும். உரத்துப் பேசி யாரும் கேட்டதில்லை. டிங்கர் படுக்கிற மெத்தைகூட அவர் கொடுத்ததுதான்.

“சின்ன மனஸ்தாபம் மாப்ள. கோவம் தணிஞ்சதும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன். நீ ஒண்ணும் தோண்டித் துருவாத.”

டிங்கரும் தோண்டவில்லை. புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று அவனாகவே ஒரு நியாயம் வைத்திருந்தான். அவள் முன்போல இல்லை என்பது மட்டும் உறைத்தது. பின்னாலிருந்து கூப்பிட்டால் சில நேரம் திரும்பமாட்டாள். கோபமாக்கும் என்று விட்டுவிட்டான். வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறாளே என்று ஒரு ஞாயிறு ஷெட்டுக்கு இழுத்து வந்து மேஜையில் உட்கார வைத்தான். அவள் வலது தோளைச் சுவரில் ஒட்டி ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

“சுவர் விழுந்துடும்னு முட்டுக் குடுக்கிறியா தங்கச்சி?” என்றார் பெயிண்டர்.

முதல் நாள் அவள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விதிப் புத்தகத்தை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த ஞாயிறு வந்தபோது டிங்கர் அசந்துபோனான். எழுதினவனே மறந்துவிட்ட சந்து பொந்தெல்லாம் அவளுக்கு மனப்பாடம். உடம்பை மூடுகிற இரும்புக் கவசம் எடுத்தாள். இரண்டு கைக்கும் இரண்டு கேடயம் எடுத்தாள். ஒன்றுதான் எடுக்கலாம் என்று எங்கும் எழுதவில்லையே! மேலே தோலைக் கல்லாக்கும் தைலம். இதற்கெல்லாம் மேலாக ஒரு விரதம். “ஆயுதம் தொடமாட்டேன், யாரையும் அடிக்கமாட்டேன்” என்று சபதம் செய்கிற வேடத்துக்குக் காப்பு இரட்டிப்பு என்று, பயந்த சுபாவக்காரர்களுக்காகப் பாவம் பார்த்து டிங்கர் எப்போதோ எழுதி வைத்திருந்தான். அதை இரும்புக் கவசத்தோடு சேர்த்து எவனாவது எடுப்பான் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

அதோடு ஆட்டம் குட்டிச்சுவரானது. எந்த அறையானாலும் அவள்தான் முதலில் போய் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பாள். கொள்ளைக்காரர்கள் வெட்டினால் வாள் முறியும். ஓநாய் கடித்தால் பல் கொட்டும். ஒரு பூதம் அவள் கேடயத்தில் மண்டையை முட்டி முட்டி மூளை பிதுங்கிச் செத்தது. அதைத் தன் வாயால் சொல்லி முடிப்பதற்குள் டிங்கருக்கே வெட்கமாகப் போய்விட்டது. அவள் ஒரு அடியும் அடிக்கவில்லை. பட்டதா என்று கேட்பாள், படவில்லை என்றால் மூச்சை விடுவாள். அவ்வளவுதான் அவள் ஆட்டம்.

இந்த மாதிரி ஆட்டங்களில் இது பழைய வியாதி. விதியைக் கசக்கிப் பிழிந்து ஒருத்தர் மட்டும் மலையாகிவிட்டால், மற்றவர்களுக்கு அங்கே வேலை இல்லை. சைரன் கொட்டாவி விட்டான். பெயிண்டர் நேராகவே கேட்டார்.

“தம்பி, இது சண்டையா, சுவத்துல பந்து அடிக்கிற விளையாட்டா? இதுக்கு நான் வீட்டுல தூங்கியிருப்பேன்.”

ஆட்டம் நடத்துகிறவர்கள் எல்லோரும் முதலில் செய்கிற காரியத்தை டிங்கரும் செய்தான். எதிரியைப் பெரிதாக்கினான். சுரங்கத்துக்குள் ஒரு அரக்கனைக் கொண்டுவந்தான். கையில் எருமை கனத்துக்குச் சங்கிலி உருண்டை. அவள் கவசத்தைக் கொஞ்சமாவது நெளிக்கிற அளவுக்கு அவனுக்குப் பலம் கொடுத்தான். அரக்கன் சுழற்றினான். அவள் மேல் பட்டது. கேடயத்தில் ஒரு நெளிவு, அவ்வளவுதான். திரும்பி வந்த உருண்டை வைத்தியன் மேல் பட்டது. அவளைச் சாய்க்க அளவெடுத்துச் செய்த அடி வெறும் சட்டை போட்ட வைத்தியனை என்ன செய்யும்? பகடை ஈவு இரக்கமில்லாமல் விழுந்தது. அடித்தவன் அரக்கன், ஆகவே டிங்கர்தான் சொல்ல வேண்டும். சைரன் முகத்தைப் பார்த்துச் சொன்னான். தாடை தனியாகப் போனது. விலா எலும்புகள் முதுகுப் பக்கம் வந்தன. கை மட்டும் மருந்துப் பையைத் தேடிக் கொஞ்ச நேரம் தரையைத் தடவியது.

சைரன் தன் பொம்மையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பல வருஷம் சேர்ந்து நடந்த வைத்தியன். “வேலையிலயும் இதத்தான் பாக்கிறேன், இங்கயும் இதுதானா? அவங்கள அடிக்க முடியலன்னு என்னைக் கொன்னுட்டீங்க” என்றான். அக்கா குனிந்த தலை நிமிரவில்லை.

“அக்கா, ஒரு கேடயத்தையாவது விட்டுக்குடு. எல்லாருக்கும் ஆட்டம் நல்லா இருக்கும்” என்றான் டிங்கர்.

“முடியாது.”

“நீ ஜெயிச்சு என்ன பண்ணப் போற?”

“நான் ஜெயிக்கணும்னு எப்பச் சொன்னேன்?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

அந்த வாரம் மாமா மறுபடியும் போன் செய்தார். அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு தன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருவதாகவும், பெரியவர் முன்னிலையில் பேசி அழைத்துப் போவதாகவும் பஞ்சுக் குரலில் சொன்னார். டிங்கர் “வாங்க மாமா, நான் சொல்லி அனுப்பி வைக்கிறேன்” என்றான். அக்காவிடம் சொன்னபோது அவள் கழுவிக்கொண்டிருந்த தட்டையே கழுவிக்கொண்டிருந்தாள். வலது பக்கம் நின்று சொன்னதால் கேட்கவில்லையோ என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. இரண்டாம் தடவை சொன்னதும் “எந்த ஞாயிறு?” என்று மட்டும் கேட்டாள்.

அவனுக்கு அந்த வாரம் வேறு யோசனை. அவள் கவசத்தை எப்படி உடைப்பது? டிக்கியில் நெளிவு எடுக்கும்போதும் அதே நினைப்பு. திடீரென்று பொறி தட்டியது. கவசத்தை உடைக்க வேண்டியதில்லையே. மனுஷன் தூங்கும்போது அதைக் கழற்றித்தானே ஆக வேண்டும்? அதோடு அவன் புத்தகத்திலேயே ஒரு விதி இருந்தது: தூங்குகிறவனை அடித்தால் அடி இரண்டு மடங்கு. டிங்கர் சுத்தியலை வைத்துவிட்டுத் தனியாகச் சிரித்தான். தலைகால் புரியவில்லை அவனுக்கு.

ஞாயிறன்று கதையை ஒரு சத்திரத்துக்குக் கொண்டுவந்தான். வெளியே மழை, எல்லோருக்கும் அசதி, ஆளுக்கு ஒரு அறை.

“கவசத்தக் கழட்டிட்டுப் படுக்கணும்” என்றான்.

“கழட்டாமப் படுத்தா?” என்றாள் அக்கா.

“தூக்கம் வராது. தூங்கலன்னா நாளைக்குப் பாதி உயிர்தான்.”

“கேடயத்தக் கதவுல சாத்தி வைக்கிறேன்.”

“சரி.”

“இன்னொண்ண ஜன்னல்ல. அலமாரிய இழுத்து அதுக்கு முட்டுக் குடுக்கிறேன். விளக்க அணைக்க மாட்டேன்.”

பெயிண்டர் சிரித்தார். புது வேடத்தோடு வந்திருந்த சைரனும் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அந்த அறையை அங்குலம் அங்குலமாக அடைத்தாள். கடைசியில் வேறு வழியில்லாமல் கவசத்தைக் கழற்றினாள். டிங்கர் இதற்காகத்தான் காத்திருந்தான்.

“நீ கதவை அடைச்ச. ஆனா கொள்ளைக்காரன் வெளிய இருந்து வரல. முன்னாடியே உள்ளதான் இருக்கான்” என்றான். அவனுக்குக் குரல் ஏறியது. “பக்கத்துல மூச்சு விடுற சத்தம் கேக்குது. உன்னால அசைய முடியல. முடியைக் கொத்தாப் பிடிச்சு, தலைய தலகாணியில அமுக்குறான்.” பகடையை உருட்டினான். பட்டது. “ரெண்டு மடங்கு! முட்டியை மடக்கி வயித்துல குத்துறான்.”

“தப்பு” என்றாள் அக்கா.

அந்த வார்த்தையை அந்த மேஜையில் டிங்கரைத் தவிர யாரும் சொன்னதில்லை.

“என்னக்கா?”

“மறுபடி சொல்லு. வயித்துல குத்தினா சத்தம் வந்துடும், பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். காதுலதான் அடிப்பான். கைய இப்படிக் குழிச்சு.” தன் உள்ளங்கையைக் குழித்துக் காட்டினாள். “வெளிய ஒரு காயம் இருக்காது. உள்ள மட்டும் ஏதோ கிழியும். முழிச்சிக்கிட்டு இருக்கும்போது அடிக்கவே மாட்டான். நல்லாப் பேசுவான், சாப்பிட்டியான்னு கேப்பான். தூங்க விட்டு அடிப்பான்.”

“அக்கா…” என்று டிங்கர் கையை நீட்டினான். அவ்வளவுதான். மேஜை ஓரத்தில் கிடந்த சுத்தியலை எடுத்தாள். முதல் அடியில் கொள்ளைக்காரனாக நின்ற போல்ட் தெறித்துத் தகரக் கூரையில் பட்டது. அடுத்த அடி பகடையில். அதற்கடுத்தது வேன் கதவில். பெயிண்டர் உட்கார்ந்திருந்த டயரோடு பின்னால் சாய்ந்தார். தடுக்கப் போன டிங்கரின் இடது கைச் சுண்டுவிரல் சுத்தியலுக்கும் தகட்டுக்கும் நடுவில் மாட்டியது. எலும்பு நொறுங்கின சத்தம் அவனுக்கே கேட்டது. அவன் கத்தவில்லை. அவள் நிறுத்தவும் இல்லை. வாய் திறக்காமல், கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல், கை ஓய்கிறவரை அடித்தாள். அந்தக் கதவு வேறு எந்த வண்டிக்கும் ஆகாத கதவாகப் போனது.

பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சைரன் அவள் வலது பக்கமாகப் போய் மெதுவாக ஏதோ கேட்டான். அவள் திரும்பவில்லை. இடது பக்கம் போய்க் கேட்டான். திரும்பினாள். அவன் டிங்கரை நிமிர்ந்து பார்த்தான்.

டிங்கர் நொறுங்கின விரலோடு வீட்டுக்குள் போனான். தகடு வெட்டுகிற கத்திரியை எடுத்து, மாமா கொடுத்த மெத்தையைத் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை கிழித்தான். பஞ்சைப் பிடுங்கினான், மிதித்தான், மறுபடி குத்தினான். அறை முழுக்கப் பஞ்சு பறந்தது. அவன் ரத்தம் அதில் ஒட்டியது. எதற்குக் கத்துகிறோம் என்று தெரியாமல் கத்தினான். தூங்கும்போது கவசத்தைக் கழற்ற வைத்தால் போதும் என்று ஒரு வாரம் யோசித்துக் கண்டுபிடித்த தந்திரம். அதை அந்த ஆள் வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருந்திருக்கிறான். அதைப் போய்ச் சிரித்துக்கொண்டே கண்டுபிடித்தோமே என்று நினைக்க நினைக்கக் கத்திரி மறுபடி மறுபடி பஞ்சில் இறங்கியது.

“அவன வரவேண்டாம்னு சொல்லிடறேன்க்கா. வந்தா கொன்னுடுவேன்” என்றான் வாசலில் நின்ற அவளிடம், இடது பக்கம் வந்து.

அவள் பஞ்சைப் பார்த்தாள். “வரட்டும்” என்றாள். “வீட்டுல வேண்டாம். ஷெட்டுக்கு வரச் சொல்லு.”

சொன்னபடியே அடுத்த ஞாயிறு மாமா வெள்ளைச் சட்டையும் சென்ட் வாசனையுமாக வந்தார். அவருடைய அப்பா, தடியூன்றிய பெரியவர், அன்று மூலையை விட்டு முன்னால் உட்கார்ந்திருந்த அவள் பக்கத்திலேயே, வலது பக்கம் உட்கார்ந்தார். தாழ்ந்த குரலில் குடும்பம், மானம், நாலு பேர் வாய் என்று நெடுநேரம் புத்தி சொன்னார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “பாத்தியா, பெரியவர் பேச்சுக்கு என்ன மரியாதைன்னு” என்றார் மாமா வருத்தமாக.

சைரன் ஷட்டரை இழுத்து இறக்கினான். ஷெட் இருட்டியது. பெயிண்டர் விளக்கைப் போட்டார்.

“மாமா, இங்க ஒரு விதி இருக்கு” என்றான் டிங்கர். கட்டுப் போட்ட இடது கை மடியில். வலது கையில் பெரிய சுத்தியல். “அடிச்சவன் சொல்லணும். எங்க அடிச்ச, எதால அடிச்ச, அவ என்ன ஆனா. சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போ.”

“என்ன மாப்ள இது, விளையாட்டு…”

சுத்தியல் தகட்டில் விழுந்தது. டிங்கர் அதை மறுபடி ஓங்கியபோது தகட்டைப் பார்க்கவில்லை, மாமாவின் மண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அடித்திருப்பான். அதில் சந்தேகமே வேண்டாம்.

“சுத்தியலக் கீழ வை” என்றாள் அக்கா. “நீ அடிச்சா நீயும் உக்காந்து சொல்லணும். அத என்னால கேக்க முடியாதுடா.”

வைத்தான். அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். “சொல்லுங்க.”

“ஏதோ கோவத்துல கை ஓங்கியிருப்பேன்…”

“தப்பு. மறுபடி சொல்லுங்க.”

“ஒரு தடவ கன்னத்துல லேசா பட்டுச்சு. அப்பா, எந்த வீட்டுல நடக்காதது…”

“தப்பு. மறுபடி சொல்லுங்க.”

அவள் குரல் ஏறவே இல்லை. அந்த நிதானம்தான் அவரை அரித்தது. பஞ்சு மெல்ல மெல்ல அவிழ்ந்தது. முதலில் காது மடல் சிவந்தது, பிறகு கழுத்து நரம்பு புடைத்தது. அவள் நான்காம் தடவை “தப்பு” என்று சொன்னதும் டயரைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“ஆமாடி! காதுலதான் அடிச்சேன்! தூங்கும்போதுதான் அடிச்சேன்! முழிச்சிருந்தா மூஞ்சியப் பொத்திக்குவ, கையக் கையக் குறுக்க வைப்ப. தூங்கினாத்தான் ஒழுங்கா விழும். போதுமா? சொல்லிட்டேன், கிளம்பு!”

கிளம்பாதவளை இழுக்கப் பாய்ந்தார். முஷ்டி ஓங்கியே வந்தது. டிங்கரும் பெயிண்டரும் எழுவதற்குள் அவள் சுவரில் சாத்தியிருந்த பழைய பானெட்டை இரண்டு கையாலும் பற்றித் தன் முன்னால் நிறுத்திவிட்டாள். பானெட்டின் விளிம்புச் சட்டத்தில் விழுந்தது அவர் குத்து. விரல்கள் உடைந்த சத்தம் ஷெட் முழுக்கக் கேட்டது. அப்புறம் கேட்டது அலறல். அக்கம்பக்கத்தில் யாரும் கேட்டிராத உரத்த குரல் அது. கையை அடிவயிற்றில் அணைத்துக்கொண்டு தரையில் உருண்டார்; வெள்ளைச் சட்டையெல்லாம் கிரீஸ்.

சைரன் குனிந்து அந்தக் கையைப் புரட்டிப் பார்த்தான். “ரெண்டு விரல் போச்சு. வண்டி வெளியதான் நிக்குது. வேணும்னா ஏறச் சொல்லுங்க, படுக்க வெச்சே கொண்டு போறேன்” என்றான்.

பெரியவர் மகனைப் பார்க்கவில்லை. “எந்தக் காதும்மா?” என்று கேட்டார். அவளிடமிருந்து பதில் இல்லை. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது, இவ்வளவு நேரம் தான் எந்தக் காதில் புத்தி சொல்லிக்கொண்டிருந்தோம் என்று. தடியை ஊன்றி எழுந்து, உருண்டு கிடந்தவனைச் சுற்றிக்கொண்டு, அவளுடைய இடது பக்கம் வந்து நின்றார்.

“நீ வரவேண்டாம்மா” என்றார்.

அவர்கள் போன பிறகு அவள் வெகுநேரம் அந்தப் பானெட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பெயிண்டர்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து வாங்கி வைத்தார்.

அடுத்த ஞாயிறு டிங்கர் ஆட்டம் வேண்டாம் என்றான். அவள்தான் நடத்து என்றாள். கவசம், இரண்டு கேடயம், தைலம், எதையும் விடவில்லை. யாரும் விடச் சொல்லவும் இல்லை. சத்திரத்தில் தப்பின கொள்ளைக்காரனின் தடம் பிடித்து மூவரும் காட்டுக்குள் போனார்கள். குகையில் அவன் மட்டும் தனியாக, வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். டிங்கர் அதை வேண்டுமென்றே வைத்தானா, தெரியாமல் வைத்தானா என்று அவனுக்கே தெரியாது.

“தூங்குறான்! ரெண்டு மடங்கு!” என்றார் பெயிண்டர். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“நான் அடிக்கிறேன்” என்றாள் அக்கா.

“விரதம் போயிடும்க்கா. காப்பு பாதியாயிடும்” என்றான் டிங்கர்.

“தெரியும்.”

புதுப் பகடையை அவளிடம் நகர்த்தினான். அவள் அதைத் தொடவில்லை.

“முதல்ல கேடயத்தத் தரையில வைக்கிறேன். அவன் தோளத் தட்டி எழுப்புறேன். எழுந்திருக்கிறான். என்னைப் பாக்கிறான், யார்னு தெரிஞ்சுக்கிறான். கத்திய எடுக்க விடுறேன்.”

“அவனுக்கும் ஒரு அடி கிடைக்கும்க்கா” என்றான் சைரன்.

“கிடைக்கட்டும்” என்றாள். பகடையை எடுத்து உருட்டினாள்.

பட்டது. அவள் டிங்கரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள்.